சங்கின் சுழி: மரபணு மட்டுமா காரணம்?

கீழக்கரையில் கரையேறும் சங்குகளில் எதைக் கூம்பு மேலிருக்கும்படி பிடித்தாலும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும். அபூர்வமாக இடப்பக்கம் திறந்திருந்தால் அது வலம்புரி. கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாளிக்கு அன்று யோகம்தான். இந்தத் திசை எங்கிருந்து வருகிறது? 'மரபணு மாறிவிட்டது' என்பது பாதிப் பதில்.

மன்னார் வளைகுடா மணலில் தாய்ச் சங்கு, வளையம் வளையமாக அடுக்கிய கொம்பு வடிவ உறையை நட்டு, அதற்குள் முட்டையிடுகிறது. குஞ்சு அதிலிருந்து ஓட்டோடுதான் ஊர்ந்து வரும். சுழி அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. நான்கு செல்களாக இருக்கும் கரு எட்டாகும்போது, மேலடுக்குச் செல்கள் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கின்றன. ஓட்டின் சுழியும் அதையே பின்பற்றுகிறது.

நத்தைக் கருவும் இப்படித்தான் பிரிகிறது. குளத்து நத்தையின் சுழியைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணு அல்ல; தாயின் மரபணு தயாரித்து முட்டைக்குள் சேர்த்துவைத்த பொருள்கள். 1923-இலேயே மரபியலாளர் ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டிவண்ட் இதை ஊகித்துவிட்டார். 2009-இல் ஜப்பானின் ரெய்கோ குரோடா குழு, நத்தைக் கருவின் அந்த மேலடுக்குச் செல்களைக் கண்ணாடிக் குச்சியால் எதிர்ப்பக்கம் தள்ளியது. மரபணுவைத் தொடவே இல்லை. ஆனாலும் நத்தைகள் திசைமாறி வளர்ந்தன. அவற்றின் குஞ்சுகளோ பழைய திசைக்கே திரும்பின. 2019-இல் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் ஒரே ஒரு மரபணுவை முடக்கிய பிறகுதான் மாற்றம் வழிவழியாகத் தொடர்ந்தது.

கரு வளரும் விதத்துக்கும் தாயின் முட்டைக்கும் பரிணாமத்தில் எவ்வளவு பங்கு என்பதே இன்றைய உயிரியலின் சூடான விவாதம். இதைவைத்து 'டார்வின் தோற்றார்' என்று தலைப்பிடுபவர்களை நம்பவேண்டாம். இயற்கைத் தேர்வு வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது: பல நத்தையினங்களில் திசை மாறிப் பிறந்ததற்கு உறுப்புகள் பொருந்தாமல் இணை கிடைப்பதே அரிது.

மனிதத் தேர்வின் கதை வேறு. நல்ல கதிரை விதைக்கு எடுத்துவைத்தோம், நெல் பெருகியது. வலம்புரியைப் பூஜை அறையில் வைத்தோம். அங்கே அது எப்படிப் பெருகும்? பெருகியது போலிதான். அமெரிக்கக் கடலோரச் சங்கினம் ஒன்றுக்கு இடப்பக்க வாயே இயல்பு. அதை வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள்: நம் கடல் சங்கில் மூன்று நான்கு வரப்புகள் விரலில் இடறும். அமெரிக்கச் சங்கில் வழவழப்புதான்.