ஒரு பாயிண்டுக்கு எத்தனை மணி நேரம்?

சாஃப்ட்வேர் டீம்களில் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று தோராயமாக மதிப்பிட்டு ஓர் எண் போடுவோம், அதுதான் ஸ்டோரி பாயிண்ட், சுருக்கமாகப் பாயிண்ட். டீமில் புதிதாகச் சேருகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி இது. பெரும்பாலும் யாராவது ஒரு சீனியர் "எட்டு மணி நேரம்னு வச்சுக்கோ" என்று சொல்லிவிடுவார். சென்னையில் 12 வருடமாக, முதலில் டெவலப்பராகவும் பிறகு ஸ்க்ரம் மாஸ்டராகவும் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையை டீம் பின்பற்ற உதவுபவர்) வேலை பார்க்கிறேன். அந்த ஒரு பதிலை நம்பி ராத்திரி 11 மணி வரை லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். 1990களின் இறுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற சாஃப்ட்வேர் உருவாக்கும் முறையில் வேலை செய்தவர்கள் ஆரம்பத்தில் நாள் கணக்கில்தான் சொன்னார்கள். யாரும் குறுக்கே வராமல், மீட்டிங் எதுவும் இல்லாமல் இந்த வேலையை முடிக்க எத்தனை நாள் என்பதுதான் அந்தக் கணக்கு. நிஜத்தில் அதைப்போல மூன்று மடங்கு ஆகும். நிர்வாகமோ "3 நாள் என்றீர்களே, ஏன் 9 நாள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது, அதனால் நாள் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாயிண்ட் என்று வைத்தார்கள். அதை மறுபடியும் மணிக்கணக்காக மாற்றினால் பழைய சண்டைதான் திரும்ப வரும். அந்தக் குழுவில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ், பாயிண்டைத் தானே கண்டுபிடித்திருக்கலாம், அப்படியென்றால் அதற்காக இப்போது வருந்துவதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பாயிண்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதைப் போடும்போது நடக்கும் பேச்சு. 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங், டீமில் ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டை எண் கார்டாகக் காட்டும் பிளானிங் போக்கரை எழுதி வைத்தபோது, எல்லோரும் கார்டை ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் உயிர். ஒருவர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் மனசு அதைச் சுற்றியே நிற்கும். நம் ஊர் அலுவலகங்களில் இது இன்னும் அதிகம், லீட் அண்ணன் "3 தானே?" என்ற பிறகு புதிதாக வந்தவர் 13 காட்டவே மாட்டார்.

எங்கள் டீமில் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். அன்று பாயிண்ட் போட வேண்டிய வேலை, ஒரு வங்கி ஆப்பில் வாடிக்கையாளர் தன் மொபைல் எண்ணை மாற்றிக்கொள்கிற வசதி. டெவலப்பர்கள் நான்கு பேரும் 3 காட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்து 8 மாதமே ஆன டெஸ்டர் பெண் 13 காட்டினார். ஏன் என்று கேட்டோம். பழைய எண்ணுக்கு ஓடிபி போய்விட்டு, அதை உள்ளிடுவதற்குள் எண் மாறினால் என்ன ஆகும்? ஜாயிண்ட் அக்கவுண்ட்டில் மற்றவருக்குத் தகவல் போகுமா? அப்புறம், டெஸ்ட் சர்வரில் எஸ்எம்எஸ்ஸே போகாது, அதற்கு இன்னொரு டீமிடம் கேட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. அந்த ஸ்டோரியை, அதாவது அந்த வேலையை, மூன்றாக உடைத்தோம். அன்று கடைசியில் என்ன எண் எழுதினோம் என்பது எனக்கு நினைவில்கூட இல்லை, அந்தப் பத்து நிமிடப் பேச்சு நினைவிருக்கிறது. அதிக எண் காட்டியவரையும் குறைந்த எண் காட்டியவரையும் முதலில் பேசவிடுங்கள், லீட் கடைசியில் பேசட்டும்.

இதைக் கெடுப்பது ஒப்பீடு. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் இரண்டு டீமின் வெலாசிட்டியை (ஸ்பிரிண்ட் எனப்படும் ஒரு குறுகிய வேலைச் சுற்றில் முடிக்கும் மொத்தப் பாயிண்ட்) பக்கத்துப் பக்கத்தில் போட்டு, "அவங்க 60, நீங்க ஏன் 38?" என்று கேட்டார்கள். மூன்றே ஸ்பிரிண்டில் நாங்களும் 55க்குப் போனோம். 3 எல்லாம் 5 ஆனது, 5 எல்லாம் 8 ஆனது. வெளியே போன வேலை அதேதான். ஆனால் எங்கள் பழைய கணக்கு பாழானதால் ரிலீஸ் எப்போது என்று எங்களுக்கே சொல்லத் தெரியாமல் போயிற்று. ஸ்பிரிண்டுக்கு எடுக்கிற வேலையை கமிட்மெண்ட் என்று சொல்வதை ஸ்க்ரமின் அதிகாரபூர்வக் கையேடான ஸ்க்ரம் கைடு 2011லேயே விட்டுவிட்டு, ஃபோர்காஸ்ட் (முன்கணிப்பு) என்று மாற்றிவிட்டது. 2020 பதிப்பில் ஸ்டோரி பாயிண்ட், வெலாசிட்டி என்ற சொற்களே கிடையாது. உங்கள் மேனேஜர் "ஸ்க்ரம்ல அப்படித்தான்" என்றால் இதைக் காட்டுங்கள்.

சரி, கிளையண்ட் தேதி கேட்பாரே? கேட்பது நியாயம்தான், அவருக்கும் பட்ஜெட் இருக்கிறது. ஒற்றைத் தேதியைத் தராமல் ஒரு வீச்சைச் சொல்லுங்கள். திட்டத்தின் ஆரம்பத்தில் சொல்லும் மதிப்பீடு கால் பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை தவறலாம் என்று சாஃப்ட்வேர் ஆய்வாளர் பாரி போம் 1981லேயே காட்டியிருக்கிறார். எங்கள் கடைசி ஆறு ஸ்பிரிண்டில் குறைந்தது 22, அதிகபட்சம் 34 பாயிண்ட் முடிந்திருந்தது, குறைந்தது தீபாவளி வாரம். பேக்லாகில், அதாவது இனி செய்ய வேண்டிய வேலைப் பட்டியலில், 180 பாயிண்ட் பாக்கி. அப்படியென்றால் 6 முதல் 9 ஸ்பிரிண்ட், எங்களுக்கு 12 முதல் 18 வாரம்.

இதை முதல் தடவை சொன்னபோது கிளையண்ட் அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது, ஒரே தேதி வேண்டும் என்றார். நாங்கள் மாற்றவில்லை, ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிந்ததும் புதிய வீச்சை அனுப்பிக்கொண்டே இருந்தோம். நான்காவது ஸ்பிரிண்ட் முடிந்தபோது அது இரண்டு வார இடைவெளியாகச் சுருங்கியிருந்தது. அவரே அதை வைத்துத் தன் கிளை ஊழியர்களுக்கான பயிற்சித் தேதியைக் குறித்துக்கொண்டார்.