காய்ந்த மரமும் கவிழ்ந்த பள்ளமும்

அலாஸ்காவில் லேக் கிளார்க் தேசியப் பூங்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரைக்குச் சாலை கிடையாது. சிறு விமானத்தில்தான் போய் இறங்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ரிச்சர்ட் பிரென்னெக்கி அங்கே கைக்கருவிகளால் ஒரு மரக்குடில் கட்டினார். கோடாரி, உளி போன்றவற்றின் இரும்புத் தலைகளை மட்டும் கொண்டுபோய், கைப்பிடிகளை அங்கேயே செதுக்கிக்கொண்டார்.

அவருடைய உழைப்பைவிட அவருடைய பொறுமைதான் என்னை வியக்க வைக்கிறது. 1967 கோடையில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை வெட்டி, பட்டை உரித்து, காயப்போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மறு ஆண்டு திரும்பி வந்துதான் சுவர் எழுப்பினார்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உட்குழிவில் இருப்பது முதலில் வெளியேறும். அதுவரை மரம் சுருங்குவதில்லை. செல் சுவர்களுக்குள் ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை. முழுக்கக் காய்ந்தாலும் நீளம் குறைவது மிகச் சொற்பம். குறுக்குவாக்கில் 4 முதல் 8 சதவீதம் வரை குறையும். படுக்கவைத்த மரங்களால் ஆன சுவருக்கு அந்தக் குறுக்களவுதான் உயரம். பச்சை மரத்தில் கட்டினால் சுவர் இறங்கும், இடைவெளி திறக்கும், கதவு நிலையில் பிடித்துக்கொள்ளும். காய்ந்த மரத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு: நீர் இருந்த குழிவுகளில் காற்று நிறைவதால் குளிர் எளிதில் ஊடுருவாது.

மூலையைப் பாருங்கள். குறுக்கே வரும் மரத்தைக் கீழ்மரத்தின் மேல் வைத்து, அதன் வளைவை அப்படியே கோடிழுத்து, மரத்தைப் புரட்டி, அடிப்பக்கத்தில் பள்ளம் தோண்டுகிறார். மறுபடி கவிழ்த்தால் குதிரைமேல் சேணம்போல உட்கார்ந்துகொள்கிறது. அதே பள்ளத்தை மேற்பக்கம் வெட்டியிருந்தால் மழையும் உருகிய பனியும் அதில் தேங்கும். தேங்கிய இடத்தில் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துப்போகும். கீழ்நோக்கிய பள்ளத்தில் நீர் வழிந்தோடிவிடும். மரங்களுக்கு இடையில் மிஞ்சிய சந்துகளில், தரையில் பஞ்சுபோல் வளரும் பாசியை அடைத்தார். மரம் அசைந்தாலும் அது நெகிழ்ந்து கொடுக்கும்.

அந்தக் குடிலில் அவர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தார். 2007-இல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. அவர் வெட்டிய மூலைகள் இன்னும் கவ்விப் பிடித்தபடி இருக்கின்றன.