வெள்ளை முடியில் துருநிறம்: நாய் நக்கிய இடம் ஏன் சிவக்கிறது?

ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்க்குக் கருத்தடை அறுவை முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. தையலும் பிரித்தாயிற்று. ஆனால் வயிற்றோரத்திலும் ஒரு முன்னங்காலிலும் முடி செம்பழுப்பாகிவிட்டது, குளிப்பாட்டினாலும் போகவில்லை. "உள்ளே ரத்தம் கசிந்து முடியில் ஏறுகிறதா?" என்று பயப்படுகிறார்.

ஏறாது. தோலுக்கு வெளியே தெரியும் முடி வெறும் கெரட்டின், உயிரில்லாத புரதம். அதற்குள் ரத்தம் போக வழியே இல்லை. அறுவைக்கு முன் தடவும் அயோடின் மருந்தின் கறையாக இருக்குமோ என்றால் அதுவும் இல்லை. அது அன்றைக்கே மஞ்சள் பழுப்பாகத் தெரியும், மழித்த இடத்தின் ஓரத்தில் நிற்கும், சில நாளில் வெளுத்துவிடும். மெதுவாகத் தோன்றி, வாரக்கணக்கில் அடர்ந்துகொண்டே போகிற துருநிறம் என்றால் எச்சில்தான். நாய் அந்த இடத்தை ஓயாமல் நக்கியிருக்கிறது.

நிறமே இல்லாத எச்சிலுக்கு இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

எச்சிலிலும் கண்ணீரிலும் போர்ஃபிரின் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. நான்கு சிறு வளையங்கள் கைகோத்து ஒரு பெரிய வளையமாக நிற்கும் மூலக்கூறு அது, கல் பதிக்காத மோதிரம் மாதிரி. நடுவில் இரும்பைப் பதித்தால் ஹீம், ரத்தத்தின் சிவப்பு. இதே குடும்பத்து வளையத்தில் மெக்னீசியத்தைப் பதித்தால் இலையின் பச்சையம். எதையும் பதிக்காமல் விட்டால் நாயின் முடியில் கறை.

பல இடங்களில், செல்லப்பிராணிக் கையேடுகளில்கூட, "பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் போர்ஃபிரின் வருகிறது" என்று எழுதியிருப்பார்கள். ரத்தத்தோடு தொடர்பு உண்டு என்பதுவரைதான் சரி. சிவப்பணு சிதையும்போது உடல் ஹீமின் வளையத்தை வெட்டித் திறந்துவிடுகிறது. அப்போது முதலில் பச்சை நிற பிலிவெர்டின், அப்புறம் மஞ்சள் பிலிருபின். அடிபட்ட இடம் கன்றிப்போய்ப் பச்சையாகி மஞ்சளாவது இதனால்தான். வெட்டிய வளையம் திரும்ப போர்ஃபிரின் ஆவதில்லை. உடலே உண்டாக்கும் போர்ஃபிரின் பெரும்பாலும் எதிர்முனையிலிருந்து, அதாவது ஹீம் தயாரிப்பிலிருந்து, மிஞ்சுவது. எட்டு கட்டங்களில் நடக்கும் அந்த வேலையின் கடைசிக் கட்டத்தில்தான் ஒரு நொதி இரும்பைப் பொருத்துகிறது. அதற்கு முன்பே வழியில் நழுவிப்போகும் வளையங்கள் பித்தநீர் வழியாக மலத்திலும், கொஞ்சம் சிறுநீரிலும், துளியூண்டு எச்சிலிலும் வெளியேறுகின்றன. போதாக்குறைக்கு ஈறிலும் பல்படலத்திலும் வாழும் பாக்டீரியாக்களில் சிலவும் தம் பங்குக்குப் போர்ஃபிரினை உண்டாக்குகின்றன.

இந்த வளையத்தில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருவதால் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் அடங்கி உட்காராமல் வளையம் முழுக்கச் சுற்றுகின்றன. அதனால் சுமார் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியை இது ஆவலோடு விழுங்கும். ரத்தத்தின் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினில் இந்த விழுங்கலை 1883-ல் கண்டு சொன்னவர் ஸோரே என்ற சுவிஸ் அறிவியலாளர். விழுங்கிய ஆற்றலை என்ன செய்வது? நடுவில் இரும்பு இருந்தால் அந்த ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடும். இரும்பு இல்லையென்றால் சிவப்பு ஒளியாக வெளியே வரும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டறையில் புற ஊதா டார்ச்சைக் கறைமேல் அடித்தால், புதுக் கறையில் மங்கலான இளஞ்சிவப்பு மினுக்கம் தெரியக்கூடும். ரத்தக்கறை மினுங்காது, கறுப்பாகத்தான் நிற்கும். நடுவிலிருக்கும் ஒற்றை இரும்பு அணு செய்கிற வேலை. பழைய கறையில் வெளிச்சம் பட்டுப் பட்டு வளையமே சிதைந்திருக்கும் என்பதால் மினுக்கம் வராமலும் போகலாம். முடியில் ஆப்பிள் பச்சையாக ஏதாவது ஒளிர்ந்தால் அது போர்ஃபிரின் இல்லை, படர்தாமரைக் காளானாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். டார்ச்சை நாயின் கண்ணில் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

வெளிச்சம் பட்ட போர்ஃபிரின் இன்னொன்றும் செய்யும். தான் வாங்கிய ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, அதை வெறிபிடித்த ஆக்சிஜனாக்கிவிடும். அந்த ஆக்சிஜன் அருகில் அகப்பட்டதையெல்லாம் தாக்கும், போர்ஃபிரினையும் விடாது. புற்றுநோய் செல்களுக்குள் போர்ஃபிரினைச் சேரவைத்து, ஒளி பாய்ச்சி அவற்றைக் கொல்லும் சிகிச்சைகூட இதே வேதியியல்தான். கறுப்பு நாயின் எச்சிலிலும் இதெல்லாம் உண்டு, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

சரி, நாய் ஏன் நக்குகிறது? தையல் இழுக்கும், மழித்த இடத்தில் சவரக் காந்தல் இருக்கும், ஆறும் புண்ணில் உடல் சுரக்கும் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் நரம்பைச் சீண்டும். முன்னங்கால் மர்மமும் இதிலேயே அடங்கும். டிரிப்ஸ் ஊசி குத்துவதற்காக மழித்து, பிளாஸ்டர் ஒட்டிப் பிடுங்கிய இடமாக அது இருக்கலாம். அரிப்பையும் மந்தமான வலியையும் சுமக்கும் மெல்லிய நரம்பு இழைகள் மெதுவானவை, தொடுகையைச் சுமக்கும் தடித்த இழைகள் வேகமானவை. தொடுகைச் செய்தி தண்டுவடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வலிச்செய்தியின் குரல் அடங்குகிறது என்ற கருத்தை ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-ல் முன்வைத்தார்கள். நக்கினால் சுகம், நிறுத்தினால் மறுபடி அரிப்பு. ஈரத்தில் ஊறிய தோல் நொந்துபோக, அதுவே புது அரிப்பாகும். சில நாய்களுக்கு இது பழக்கமாகவே முற்றி, மணிக்கட்டுப் பக்கம் தடித்த புண்ணாகிவிடும். மனிதர்களின் எண்ணச்சுழல் நோய்க்கு (OCD) கொடுக்கும் குளோமிப்ரமின் மாத்திரை அப்படிப்பட்ட நாய்களின் நக்கலைக் குறைத்ததாக 1992-ல் ஓர் ஆய்வு வந்தது.

"நக்கினால் புண் ஆறும், விடுங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. மிகப் பழைய நம்பிக்கைதான். கிரேக்கத்தில் எபிடாரஸ் கோயில் கல்வெட்டுகளில் நாய் நக்கிக் குணமானவர் கதை பொறித்திருக்கிறது. அதில் ஒரு துளி உண்மையும் உண்டு. 1990-ல் வெளியான ஒரு பரிசோதனையில் நாயின் எச்சில் ஈ.கோலை, ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்களைக் கொன்றது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிடம் அதன் பருப்பு அவ்வளவாக வேகவில்லை. நாய்களின் தையல் புண்ணில் சீழ் வைப்பதில் முன்னணியில் நிற்பதோ அந்த இனம்தான். அதைவிட, ஓயாமல் நக்கும் நாக்கு தையலைப் பிரித்துவிட்டால் எந்த எச்சிலும் காப்பாற்றாது. கழுத்தில் மாட்டும் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தையல் பிரிக்கும் வரை, அதாவது வழக்கமாக 10 முதல் 14 நாள், அது கழுத்தில் இருக்கட்டும். மனிதப் புண்ணில் நாய் நக்குவதை உலக சுகாதார நிறுவனம் வெறிநாய்க்கடியின் மிக ஆபத்தான மூன்றாம் வகையில் சேர்த்திருக்கிறது. பக்திப் பரவசத்தில் அதையும் மறக்க வேண்டாம்.

கறை நீக்கப் பொடி என்று விற்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணீர்க் கறைக்கு என்று விற்ற பொடிகளில் டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததற்காக 2014-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உற்பத்தியாளர்களை எச்சரித்தது. அழகுக்காக ஆன்டிபயாட்டிக்கைத் தினமும் ஊட்டுவது கிருமிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவதற்குச் சமம். யாரும் சாகாத கறைக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க ஆள் இல்லாதபோது அந்த வெற்றிடத்தை வியாபாரம் நிரப்பிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், ஆறாத தோலை அரித்துவிடும்.

வாசகிக்கு ஒரு வேலை. கறைபட்ட முடியை விரலால் பிரித்து அடிவேரைப் பாருங்கள். தோலை ஒட்டி வெள்ளையாகப் புது முடி வந்திருந்தால் நக்குவது நின்றுவிட்டது, மேலே இருப்பது பழைய கணக்கு, வளர வளர வெட்டிவிடலாம். அடிவேர்வரை பழுப்பாக இருந்தாலோ, முடி ஈரமாக இருந்தாலோ, தோல் சிவந்து நாற்றமடித்தாலோ நாய் இன்னும் நக்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தூங்கும் நேரத்தில் நக்கலாம். கூம்பை மறுபடி மாட்டிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் முடியைக் காட்டாமல் தோலைக் காட்டுங்கள்.