'கோ'வுக்கு 'வென்ட்' எப்படி வந்தது?

ஆங்கிலத்தில் 'வாக்' என்ற வினையின் இறந்தகாலம் 'வாக்ட்'. 'ஜம்ப்' என்றால் 'ஜம்ப்ட்'. 'கோ' மட்டும் 'வென்ட்' ஆகிறது. இரண்டுக்கும் ஓர் ஒலிகூடப் பொதுவில்லை. ஏனென்றால் 'வென்ட்' வேறொரு வினைக்குச் சொந்தமானது.

பழைய ஆங்கிலத்தில் 'கான்' என்றால் போவது. அதன் இறந்தகாலம் 'எயோதே'. அதுவும் வேறு வேரிலிருந்து வந்ததுதான். 'வெண்டன்' என்ற மற்றொரு வினை திரும்புவதைக் குறித்தது. நாளடைவில் அது செல்வதையும் குறிக்கத் தொடங்க, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அதன் இறந்தகாலமான 'வென்ட்' 'எயோதே'வைத் துரத்திவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் 'கேட்' என்று ஒழுங்கான ஒரு வடிவத்தைச் செய்துகொண்டார்கள். இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்' ('வெண்ட'னின் இன்றைய வடிவம்), பாவம், 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைத் தேடிக்கொண்டது.

ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 'கோ'வோடு விகுதியைச் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதுண்டு. இலக்கணப்படி அவர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் 'வென்ட்' நாள்தோறும் காதில் விழுந்துகொண்டே இருப்பதால் அந்த வடிவம் நிலைப்பதில்லை. அரிதாகக் கேட்கும் வினையின் பழைய வடிவமோ நினைவிலிருந்து நழுவிவிடும். அங்கே பொது விதி புகுந்துகொள்ளும். 'ஹெல்ப்' என்பதன் பழைய 'ஹோல்ப்' அப்படித்தான் 'ஹெல்ப்ட்' ஆனது. 2007இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று இதை அளந்து பார்த்தது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளில் இன்று அப்படியே இருப்பவை 98. 100 மடங்கு குறைவாகப் புழங்கும் வினை 10 மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறதாம்.

வடிவத்தைக் காக்கும் அதே புழக்கம் பொருளைத் தேய்த்துவிடுகிறது. 'கோயிங் டு' முதலில் கால் நடக்கும் பயணம். ஒன்றைச் செய்வதற்காகப் போகிறவன் அதை இனிமேல்தான் செய்வான் அல்லவா? அந்த 'இனிமேல்' மட்டும் எஞ்ச, பயணம் உதிர்ந்து எதிர்காலம் பிறந்தது. 'மழை பெய்யப் போகிறது' என்கிறோம். மழை எங்கும் போவதில்லை. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் வந்திருக்கின்றன.

பேச்சில் 'கோயிங் டு', 'கானா' என்று சுருங்கியது எதிர்காலப் பொருளில் மட்டும்தான். 'ஐயாம் கானா ஈட்' என்பார்கள். லண்டனுக்குப் போகிறேன் என்பதை 'ஐயாம் கானா லண்டன்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை.