குடுவையைக் கவிழ்த்துப் பார்த்தல்: அமெரிக்கக் கலை மட்பாண்டத்தின் விலை உருவாகும் விதம்

பழைய அமெரிக்கப் பூக்குடுவை ஒன்றை விற்க நினைப்பவர் அதை எடுத்துக்கொண்டு விவரமறிந்த ஒருவரிடம் போனால், அவர் குடுவையின் முகப்பில் தீட்டப்பட்ட பூவைப் பாராட்டுவதற்கு முன்பே அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். செய்த மட்பாண்டச்சாலை, ஆண்டு, வடிவ எண், தீட்டிய கலைஞரின் முதலெழுத்து ஆகியவற்றை மண் ஈரமாக இருக்கும்போதே அடியில் பதித்துவிடும் வழக்கம் அந்நாட்டின் சிறந்த சாலைகள் சிலவற்றில் இருந்தது. சூளைக்குள் போகும் முன் பதிந்த எழுத்தைப் பின்னாளில் எவரும் எளிதில் மாற்ற முடியாது என்பதால், ஒரு குடுவையின் பிறப்புச் சான்றிதழ் அதன் அடிதான்.

இந்த முறையை மிகுந்த ஒழுங்குடன் கடைப்பிடித்தது, ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் மரியா லாங்வொர்த் நிக்கோல்ஸ் 1880-இல் தொடங்கிய ரூக்வுட் மட்பாண்டச்சாலை. 1886-இல் அது 'ஆர்', 'பி' என்னும் இரண்டு எழுத்துகளை முதுகோடு முதுகாக ஒட்டிய முத்திரையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு முதல் அம்முத்திரையைச் சுற்றி ஆண்டுக்கு ஒரு தீச்சுடராகச் சேர்த்துக்கொண்டே போய், 1900-இல் பதினான்கு சுடர்களோடு நிறுத்தினார்கள். ஆகவே சுடர்களை எண்ணி 1886-உடன் கூட்டினால் செய்த ஆண்டு கிடைத்துவிடும். ஒன்பது சுடர் என்றால் 1895. 1901 முதல் சுடர்களுக்குக் கீழே ரோமானிய எண் வந்தது; 'VI' என்றிருந்தால் 1906. வடிவ எண்ணை அடுத்து வரும் எழுத்து அளவைக் குறிக்கும். ஒரே வடிவத்தில் 'ஏ' மிகப் பெரியது.

இவற்றையெல்லாம்விட விலையைத் தூக்கி நிறுத்துவது கலைஞரின் குறி. 1887-இல் ரூக்வுட்டில் சேர்ந்த ஜப்பானியக் கலைஞர் கடாரோ ஷிராயமதானி தம் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே கீறினார். அந்த எழுத்து இருக்கும் குடுவையும், கையொப்பமே இல்லாமல் அச்சில் வார்த்து எடுத்த பிற்காலக் குடுவையும் ஒரே முத்திரையைத் தாங்கியிருந்தாலும், விலையில் இரண்டுக்கும் உறவே கிடையாது. எதிர்த்திசையிலும் ஒரு குறி உண்டு. சூளையிலிருந்து குறையோடு வெளிவந்த பாண்டங்களின் அடியில் சாணைச் சக்கரத்தால் ஒரு பெருக்கல் குறியைக் கீறி, அவற்றை இரண்டாம் தரமாகத் தள்ளினார்கள். முத்திரையைக் கண்ட மகிழ்ச்சியில் இந்தக் கீறலைக் கவனிக்காமல் விட்டுவிடுவோர் பலர்.

அடியைப் படித்த பிறகு மேனிக்கு வரலாம். ரூக்வுட்டின் தொடக்ககாலப் புகழ், பழுப்பும் தேன் நிறமுமாகப் பளபளக்கும் ஈய மெருகுக்கு (சூளையில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சுக்கு) அடியில் தீட்டிய பூக்களால் வந்தது. ஈயம் கண்ணாடிப் பூச்சின் ஒளிவிலகல் எண்ணைக் கூட்டுவதால், பூ ஏதோ ஆழத்தில் மிதப்பதுபோல் தெரிகிறது. 1904-இல் அவர்கள் அறிமுகப்படுத்திய மெருகின் பெயர் வெல்லம். (தின்கிற வெல்லம் அன்று, முற்காலத்தில் எழுதப் பயன்பட்ட கன்றுத்தோலின் பெயர்.) மெருகு ஆறும்போது அதனுள் தோன்றும் நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால், ஓவியத்தின் மீது மெல்லிய மூடுபனி படிந்த தோற்றம் இதில் கிடைக்கிறது. மரங்களும் நீரும் கொண்ட நிலக்காட்சிகளுக்கு அது மிகவும் பொருந்தியது. இவ்வகையில் பூவைவிட நிலக்காட்சிக்கே வாங்குவோர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

மெருகில் வலைபோல் ஓடும் மயிரிழைக் கோடுகளைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. அவற்றின் காரணம் எளிய இயற்பியல்தான். சூளை ஆறும்போது மெருகும் அடியிலுள்ள மண்ணும் சுருங்குகின்றன. மெருகு கூடுதலாகச் சுருங்க முயன்றால் அது இழுவிசைக்கு உள்ளாகி வெடிக்கிறது. சூளையில் தப்பிய குடுவையும் பல ஆண்டுகளுக்குப் பின் வெடிக்கக்கூடும், ஏனெனில் நுண்துளைகள் கொண்ட மண் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிறிதளவு விரிகிறது, மேலே இருக்கும் கண்ணாடிக்கோ அதனுடன் சேர்ந்து நீளத் தெரியாது. எனவே இந்த வலைவெடிப்பு உடைவு ஆகாது. ஒஹாயோவின் சேன்ஸ்வில் நகரில் பெருமளவில் உற்பத்தியான ரோஸ்வில் குடுவைகளில் இதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வெல்லம் மெருகில் வெடிப்பே இல்லாத குடுவைக்கு மட்டும் தனி மதிப்பு.

மண்ணையே ஊடுருவிய விரிசல் வேறு கதை. பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதற்குப் பின்னால் உள்ள அறிவியல் இங்கும் செல்லும்: முழுமையான சுவர் சீராக அதிர்ந்து ஒலிக்கிறது, விரிசலின் இரு விளிம்புகளும் உரசி அந்த அதிர்வை விழுங்கிவிடுவதால் ஒலி மந்தமாகிறது. தடித்த சுவரும் நுண்துளையும் கொண்ட பாண்டம் முழுமையாக இருந்தாலும் மந்தமாகவே ஒலிக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க இருட்டறையில் புறஊதா விளக்கைப் பிடிக்கிறார்கள். இக்காலப் பசைகளும் பூச்சுகளும் பெரும்பாலும் மெருகினின்று மாறுபட்டு ஒளிர்வதால், பகலில் கண்ணுக்குத் தப்பிய பழுது அங்கே திட்டாகத் தெரியும். ஒளிராத பொருள்களைப் பயன்படுத்தும் கைதேர்ந்த பழுதுநீக்குநரும் உண்டு என்பதால், விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பதை மட்டும் நம்பி 'பழுதற்றது' என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. அடியில் துளை இருந்தால் அதன் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும்: மெருகு உள்ளே வழிந்திருந்தால் அது மட்பாண்டச்சாலையிலேயே இட்ட துளை, மெருகில்லாத வெறும் மண் தெரிந்தால் குடுவையை விளக்காக மாற்ற யாரோ பின்னாளில் துளைத்தது, விலையைக் கணிசமாகக் குறைப்பது.

போலிகளைப் பொறுத்தவரை களிமண்ணின் இயல்பே காட்டிக்கொடுக்கிறது. மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்குகிறது. ஆகவே அசல் குடுவையிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் அசலைவிடச் சிறியதாகவும், அதன் இலை நரம்புகள் மழுங்கியும் இருக்கும். 1990-களில் சீனாவிலிருந்து வந்த ரோஸ்வில் நகல்களை எதிர்கொள்ளும்போது, பட்டியல் நூலிலுள்ள உயரத்தோடு ஓர் அளவுகோலை வைத்து ஒப்பிடுவது முத்திரையை உற்றுப்பார்ப்பதைவிட நம்பகமானது என்பது என் கருத்து.

மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி நகரில் வாழ்ந்த குயவர் ஜார்ஜ் ஓர் (1857–1918) செய்த பாண்டங்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தாள்போல் மெலிந்த சுவர்களை முறுக்கி, மடித்து, நசுக்கி அவர் செய்தவற்றை அக்காலத்தில் மதித்தவர் சிலரே. ஆயிரக்கணக்கானவை குடும்பத்தாரிடமே கிடந்து, அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னர் நியூஜெர்சி வணிகர் ஒருவர் கைக்குப் போயின. மெருகிட்டவை கூடுதல் விலைக்குப் போனதால், ஜார்ஜ் ஓர் மெருகிடாமல் விட்ட சில பாண்டங்களுக்குப் பிறர் மெருகேற்றி மீண்டும் சுட்டார்கள். மண்ணும் கையொப்பமும் அசல், மேனி மட்டும் போலி. எனவே பாண்டம் யார் யாரிடம் இருந்து வந்தது என்பதைக் காட்டும் பழைய ரசீதும் நிழற்படமும் இங்கே பணமாகின்றன.

கடைசியில் எண்கள். காப்பீட்டுக்காக எழுதிய மதிப்பு, அதற்கு ஈடான ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவைக் குறிப்பது. விற்பவர் கைக்கு அது வராது. அதே வடிவ எண், அதே அளவு, அதே கலைஞர், ஒத்த நிலை கொண்ட குடுவைகள் அண்மையில் ஏலத்தில் போன தொகையே பொருத்தமான அளவுகோல். அதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஏலத்தை முடிக்கும் சுத்தியல் 1,000 டாலரில் விழுந்து, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் கட்டணம் 25 சதவீதமாக இருந்தால், வெளியிடப்படும் விலை பெரும்பாலும் 1,250 டாலர்; விற்பவரிடம் 15 சதவீதக் கழிவு பிடித்தால் அவருக்குக் கிடைப்பது 850 டாலர்தான்.