‘கப்’ என்றால் தெற்கு, ‘குப்’ என்றால் வடக்கு

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் முதுகலை படிக்கும் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். பகுதி நேர வேலையில் கூட இருக்கும் ஒருவரிடம், “நீங்கள் நியூகாசில்காரர்தானே, பேச்சிலேயே தெரிகிறது” என்று சொல்லியிருக்கிறார். அவர் முகம் சுருங்கிவிட்டதாம். “நான் சண்டர்லாந்து” என்றாராம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்து ஊர்களுக்கு வேறு வேறு பேச்சு இருக்குமா, இருந்தால் என் காதுக்கு ஏன் எட்டவில்லை என்பது அவர் கேள்வி.

இருக்கிறது. முகம் சுருங்கியதில் கால்பந்துக்கும் பங்கு உண்டு, அந்த இரண்டு ஊர் அணிகளின் பகை பல தலைமுறைப் பகை. ஆனால் சண்டர்லாந்துக்குப் போகும் முன் நாம் எல்லோரும் பள்ளியில் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். சி யூ டி ‘கட்’ என்றால் பி யூ டி மட்டும் ஏன் ‘புட்’? என் ஆசிரியர் “இங்கிலீஷ் அப்படித்தான்” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு உண்மையில் ஓர் அழகான விடை இருக்கிறது. ஒரு ஆங்கிலேயர் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதற்கான முதல் சாவியும் அதுதான்.

உயிரொலி எப்படி உண்டாகிறது என்பது தெரிந்த கதை. குரல்வளை மடல்கள் அதிர்கின்றன. அந்த ஒலி தொண்டை, வாய் என்ற குழாய் வழியே வரும்போது சில அதிர்வெண்கள் மட்டும் வலுக்கின்றன. நாக்கு ஏறி இறங்க, முன்னே பின்னே நகர, உதடு குவிய, எந்த அதிர்வெண் வலுக்கும் என்பது மாறும். காது அந்த வலுத்த அதிர்வெண்களைப் பிடித்து இது ‘உ’, இது ‘அ’ என்று பிரிக்கிறது. இதுவரை பாடப்புத்தகம்.

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஆங்கிலத்தில் கட், கப், சன் மாதிரியான சொல் எதுவும் ‘அ’ கொண்டு ஒலிக்கவில்லை. எல்லாம் ‘உ’தான். கோப்பை ‘குப்’, வெட்டு ‘குட்’. 17ஆம் நூற்றாண்டில் லண்டனிலும் தெற்கிலும் இந்த ‘உ’ மெல்ல உதட்டுக் குவிவை இழந்தது. குவிவு இல்லாத ‘உ’வா என்று தமிழர் யாரும் வியக்க வேண்டியதில்லை. ‘உப்பு’ என்று ஒரு தடவை கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். முதல் ‘உ’வுக்கு உதடு குவிகிறது, கடைசி ‘உ’வுக்குக் குவிவதில்லை. நம் குற்றியலுகரம் அதுதான். தெற்கு இங்கிலாந்தில் குவிவு போனது மட்டுமல்ல, நாக்கும் படிப்படியாகக் கீழே இறங்கியது. இறங்கி இறங்கி ‘அ’வுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. ‘குப்’ ‘கப்’ ஆயிற்று.

சரி, புட் ஏன் தப்பியது? பி, எஃப், டபிள்யூ போன்றவை உதட்டில் பிறக்கும் ஒலிகள். அவற்றைச் சொல்ல உதடு வேலை செய்துகொண்டிருக்கும்போது அடுத்து வரும் ‘உ’வின் குவிவு எளிதில் போகாது. அதனால்தான் புட், புல், புஷ், ஃபுல் எல்லாம் பழைய ஒலியிலேயே இருக்கின்றன. இதே உதட்டு வேலையை நம் வீட்டுப் பேச்சில் தினமும் கேட்கிறோம். பெண் ‘பொண்ணு’ ஆகிறாள், பிடி ‘புடி’ ஆகிறது, பெட்டி ‘பொட்டி’ ஆகிறது, மிளகாய் ‘மொளகா’ ஆகிறது. பகரமும் மகரமும் உதட்டை மூடித் திறக்கும்போது பக்கத்து உயிரையும் குவித்துவிடுகின்றன. எல்லாச் சொல்லிலும் இது நடப்பதில்லை, பெரிசு பெரிசாகவே இருக்கிறது. அடுத்து வரும் மெய்யும் ஒத்துழைக்க வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படியே. உதட்டொலி முன்னால் இருந்தும் பட், பன், ஃபன் எல்லாம் மாறிவிட்டன, பின்னால் லகரமோ ஷகரமோ நின்ற சொற்கள்தான் பெரும்பாலும் பிழைத்தன. வைகைக் கரையிலும் தேம்ஸ் கரையிலும் உதடு ஒரே விதத்தில் வேலை செய்திருக்கிறது என்பதை முதலில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இன்னொரு படியும் உண்டு. ப்ளட், புக் இரண்டையும் எழுதும்போது இரண்டு ‘ஓ’ போடுகிறோம், ஆனால் ஒலி வேறு. இரண்டுமே ஒரு காலத்தில் ‘ஊ’ என்று நீண்டு ஒலித்தவை. ப்ளட் சீக்கிரமே குறிலாகிவிட்டது, அதனால் 17ஆம் நூற்றாண்டு மாற்றத்தில் சிக்கி ‘அ’ ஆனது. புக், லுக், நல்லதைச் சொல்லும் குட் ஆகியவை அந்த மாற்றம் முடிந்த பிறகு குறுகின, அதனால் ‘உ’வாகவே தங்கின. மூன் குறுகவே இல்லை. அகழாய்வுக் குழியில் மண் அடுக்கைப் பார்த்துக் காலத்தைச் சொல்வது போல, ஒரு சொல்லின் உயிரொலியைப் பார்த்து எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த மாற்றம் வடக்கே போய்ச் சேரவில்லை. மேற்கே செவர்ன் ஆற்று முகத்திலிருந்து கிழக்கே வாஷ் விரிகுடா வரை ஒரு கோடு போட்டால், தோராயமாக அதற்கு வடக்கே இங்கிலாந்து மக்கள் பேச்சில் கப் இன்றும் ‘குப்’, பஸ் ‘புஸ்’. அதிர்ஷ்டத்துக்கும் பார்ப்பதற்கும் ஒரே ‘லுக்’. ஆங்கிலத்தைக் கெடுத்துப் பேசுகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள், உண்மையில் பழசைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். குளியலைச் சொல்லும் ‘பாத்’ என்ற சொல்லில் லண்டன்காரர் ‘பா’ என்று நீட்டுவார், வடக்கே குறில். இந்த இரண்டையும் கவனித்தாலே ஒருவர் வடக்கா தெற்கா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கோடு என்று சொன்னேன், ஆனால் அது வேலி இல்லை. இடையில் இருக்கும் சதுப்பு நிலப் பகுதியில் ‘உ’வும் இல்லாமல் ‘அ’வும் இல்லாமல் ஓர் இடைப்பட்ட ஒலியைப் பேசுகிறார்கள். வடக்கிலிருந்து வந்து தெற்கத்திப் பேச்சைப் பழகிக்கொள்பவர்கள் சில சமயம் தேவையில்லாத இடத்திலும் மாற்றிவிடுவார்கள். கறிக்கடைக்காரரை ‘புட்சர்’ என்பதற்குப் பதில் ‘பட்சர்’ என்பார்கள். பிறந்த இடத்தை மறைக்க எடுத்த முயற்சியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வரலாம். நியூகாசிலும் சண்டர்லாந்தும் கோட்டுக்கு வெகு வடக்கே இருக்கின்றன. இரண்டிலும் ‘குப்’, இரண்டிலும் குளியல் குறில். பெரிய சாவிகள் இரண்டும் அங்கே வேலை செய்யாது. சின்னச் சாவிகள் வேண்டும். அதில் ஒன்று ‘ஹ’. இங்கிலாந்தின் பெரும்பாலான நகரங்களில் சாதாரண மக்கள் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ‘ஹ’ விழுந்துவிடும், ‘ஹேர்’ ‘ஏர்’ ஆகிவிடும். நியூகாசிலின் மரபான பேச்சு அதை விடாமல் வைத்திருக்கிறது. சண்டர்லாந்தில் அது விழும். அடுத்த தடவை அந்த நண்பர் பேசும்போது ‘ஹ’ வர வேண்டிய இடத்தை மட்டும் கவனியுங்கள்.

இதுவரை ஏன் கேட்கவில்லை என்றால், உங்கள் காதில் குறை இல்லை. காது பழகிய வேறுபாட்டைத்தான் தேடும். 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியின் ‘ட’, ‘த’ வேறுபாட்டை ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் நன்றாகப் பிரித்தார்கள். ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளுக்கு அது ஒரே ஒலியாகிவிட்டது. நமக்கும் ஏதோ ஒரு வயதில் எத்தனையோ கதவுகள் இப்படி மூடியிருக்கின்றன. பழகினால் ஓரளவு திறக்கும். பழகாத காது, கிடைத்த முதல் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த பக்கத்துப் பெட்டியில் போட்டுவிடும். யாழ்ப்பாணப் பேச்சை முதல் தடவை கேட்கும் சென்னைக்காரர் பலர் “மலையாளமா?” என்று கேட்பது இதனால்தான். வடகிழக்குப் பேச்சு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெட்டி நியூகாசில்.

காது எதிர்பார்ப்பதையும் சேர்த்துக் கேட்கிறது. நியூசிலாந்தில் ஜெனிஃபர் ஹே, கேட்டி டிரேகர் இருவரும் 2010இல் வெளியிட்ட சோதனையில், கேட்பவர்கள் இருந்த அறையில் சிலருக்கு ஆஸ்திரேலியாவை நினைவூட்டும் கங்காரு பொம்மையும் சிலருக்கு நியூசிலாந்தை நினைவூட்டும் கிவிப் பறவை பொம்மையும் கண்ணில் படும்படி வைத்தார்கள். ஒலித்தது ஒரே குரல். ஆனால் எந்த உயிரொலியைக் கேட்டோம் என்ற விடை பொம்மைக்கு ஏற்ப நகர்ந்தது.

ஊரைத் தப்பாகச் சொல்வதாவது பரவாயில்லை. ஆக்சென்டை வைத்து ஆளையே எடைபோடுவதுதான் கொடுமை. 1970களில் ஹோவர்ட் ஜைல்ஸ் ஒரே ஆளை ஒரே செய்தியை இரண்டு விதமாகப் பேச வைத்தார், ஒன்று படித்தவர்களின் பொதுப் பேச்சு, மற்றது பர்மிங்காம் பேச்சு. பர்மிங்காம் பேச்சில் கேட்ட மாணவர்கள் அவருடைய அறிவுக்குக் குறைவாக மதிப்பிட்டார்கள். 2002இல் வெளியான வேறொரு ஆய்வில், பர்மிங்காம் ஆக்சென்டில் பேசிய சந்தேக நபரைக் குற்றவாளியாகக் கருதும் போக்கு கூடுதலாக இருந்தது. உள்ளங்கை ரேகையில் குணத்தைப் படிப்பதற்கும் இதற்கும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை. இது மூடநம்பிக்கை. படித்தவர்களிடமும் இருக்கிறது.

ஆக்சென்டைச் சரியாகக் கண்டுபிடித்தும் எல்லாம் தவறிப்போன ஒரு வழக்கு உண்டு. யார்க்ஷயரில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்டு வந்த காலம். 1979 ஜூனில் விசாரணையை நடத்திய ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுக்கு ஓர் ஒலிநாடா வந்தது. நான்தான் கொலைகாரன் என்று ஓர் ஆண் குரல் அதில் பேசியது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி எல்லிஸும் ஜாக் வின்ட்சர் லூயிஸும் அதைக் கேட்டு ஆராய்ந்தார்கள். வடகிழக்கு என்றோ சண்டர்லாந்து என்றோ நிறுத்தவில்லை. சண்டர்லாந்தின் ஓரத்தில் இருக்கும் காசில்டவுன் என்ற சின்ன ஊர் வரை விரலை வைத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேதனை. அந்தப் பேச்சு இல்லாதவர்களைப் போலீஸ் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்தது. உண்மைக் கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப் யார்க்ஷயர்க்காரன், பேச்சும் யார்க்ஷயர்ப் பேச்சு. அவனைப் பல தடவை விசாரித்தும் விட்டுவிட்டார்கள். ஒலிநாடா போலியாக இருக்கலாம் என்று மொழியியலாளர்கள் எச்சரித்தும் பார்த்தார்கள். 1981 ஜனவரியில் காரின் போலி நம்பர் பிளேட்டால் அவன் பிடிபடுவதற்குள், ஒலிநாடா வந்த பிறகு மட்டும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். இந்தக் குரல் எங்கே வளர்ந்தது என்ற கேள்விக்கு மொழியியல் சரியான விடை தந்தது. இவன்தான் கொலைகாரனா என்பது வேறு கேள்வி, அதைப் போலீஸ் கேட்கவே இல்லை.

ஒரு குரலைக் கேட்டு ஒரு சிற்றூரைச் சொல்லும் திறமை எல்லிஸுக்கு எங்கிருந்து வந்தது? 1950 முதல் 1961 வரை ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் லீட்ஸ் பல்கலைக்கழகம் இங்கிலாந்தின் 313 ஊர்களுக்கு ஆள் அனுப்பி, பெரும்பாலும் வயதான கிராமத்தாரிடம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டுப் பேச்சைப் பதிவு செய்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் வேலை பார்த்தவர் எல்லிஸ். மாட்டுத் தொழுவத்துக்கும் ஏர் உறுப்புக்கும் ஊர் ஊராக என்ன பெயர் என்று கேட்பதற்கு அரசுப் பணமா என்று அன்றும் கேட்டிருக்கலாம். இன்றும் கேட்கிறார்கள், நம் நாட்டிலும் கேட்கிறார்கள். என்ன பயன் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் நிதிக் குழுக்கள் இப்படிப்பட்ட வேலைக்கு ஒருநாளும் பணம் தராது என்பது என் கருத்து. அந்த வயதானவர்கள் போன பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தப் பேச்சைத் திரும்பப் பதிவு செய்ய முடியாது. நம்மிடமும் பேச்சைப் பதிவு செய்யாத தாலுகாக்கள் ஏராளம்.

ஒலிநாடாவில் பேசியவன் 2005இல் பிடிபட்டான். கொலைகாரன் பெயரில் அவன் அனுப்பிய ஒரு கடிதத்தின் உறையை நக்கி ஒட்டிய எச்சிலில் டிஎன்ஏ இருந்தது. குடித்துவிட்டு ரகளை செய்ததற்காக 2001இல் அவனிடம் எடுத்த மாதிரியோடு அது பொருந்தியது. பெயர் ஜான் ஹம்பிள். 2006இல் எட்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவன் வீடு சண்டர்லாந்தின் ஃபோர்டு எஸ்டேட்டில் இருந்தது. வியர் ஆற்றுக்கு அக்கரையில், ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில், காசில்டவுன்.