பட்டன் இருக்கு, ஆனா டயர் போச்சு

2024 மே மாதம், கத்திரி வெயில் நடுவில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் திருச்சியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். சின்ன கார், வாங்கி ஏழரை வருஷம், ஓடியது வெறும் 23,000 கிலோமீட்டர். மார்க்கெட், கோயில், மாதம் ஒருமுறை பெரம்பலூரில் மகள் வீடு, அவ்வளவுதான். அலைன்மென்ட் பார்க்கத்தான் வந்தார். நான் டயரைப் பார்த்துவிட்டு, "சார், நாலையும் மாத்திடுங்க" என்றேன். சுருக்கென்று கோபம் வந்துவிட்டது அவருக்கு. "என்ன தம்பி, பட்டன் அப்படியே இருக்கு, வியாபாரத்துக்குச் சொல்றியா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. டயர் கடைக்காரன் டயரை மாற்றச் சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும். அதிலும் நம் ஊரில் டயர் என்றாலே பட்டன்தான் (தரையில் படுகிற ரப்பர் மேடுகள்), பட்டன் தேய்ந்து மொட்டையானால் மாற்றணும், தேயாவிட்டால் ஓட்டலாம், இதுதான் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. லாரிக்கும் டாக்சிக்கும் இந்தக் கணக்கு சரி, ஏனென்றால் அவர்கள் டயருக்கு வயசாகும் முன்பே அது தேய்ந்துவிடும். வாரத்துக்கு ரெண்டு நாள் எடுக்கிற வீட்டு காருக்குத்தான் இந்தக் கணக்கு ஆபத்து.

சரி, வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று ஒரு டயரை ரிம்மிலிருந்து கழற்றித் தரையில் போட்டு, முழங்காலை வைத்து அழுத்தி சைடு வாலை (டயரின் பக்கச் சுவரை) மடக்கினேன். அதுவரை கறுப்பாக, வழவழப்பாகத் தெரிந்த தோலில் உள்ளங்கை ரேகை மாதிரி நூற்றுக்கணக்கில் வெடிப்புகள் வாய் திறந்தன. பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தின் அடியிலும் அதே கோடுகள். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினேன்: 3816. அதாவது 2016-ம் வருஷத்தின் 38-வது வாரத்தில் தயாரானது. முதல் ரெண்டு எண் வாரம், கடைசி ரெண்டு எண் வருஷம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அந்தப் பக்கம் காருக்கு அடியில் உள்முகமாக மாட்டியிருந்தால் போன் கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுத்துத்தான் படிக்கணும்.

நிழலில் நிறுத்தி, கம்மியாக ஓட்டிய டயர் ஏன் இப்படிப் போகிறது? ரப்பருக்கு ஓடுவது ஒரு எதிரி என்றால், காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் இன்னொரு எதிரி. அதைத் தடுக்கத் தயாரிக்கும்போதே மெழுகும் சில ரசாயனங்களும் கலந்துவிடுகிறார்கள், டயர் உருண்டு நெளிய நெளிய அவை உள்ளிருந்து மேலே கசிந்து ஒரு படலமாக நிற்கும். சில டயர் பழுப்பாகத் தெரிவது அதனால்தான், அழுக்கு என்று தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்காதீர்கள். கார் நின்றே கிடந்தால் இந்தப் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை, தோல் வெடிக்கிறது. இது வெளியே. உள்ளே நடப்பது இன்னும் மோசம். நாம் அடைத்து வைத்திருக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன் ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பி பெல்ட்டின் ஓரத்து ரப்பரை இறுக வைக்கிறது, பிடிப்பு தளர்கிறது. சூடு ஏற ஏற இந்த வேலை எல்லாம் வேகமாக நடக்கும். வெளியே 40 டிகிரி அடிக்கும் மதியத்தில் தார் ரோட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், செருப்பில்லாமல் கோயிலைச் சுற்றி வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் பெரிய டயர் கம்பெனிகள் சொல்லும் கணக்கை (5 வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் சோதிக்கணும், அதிகபட்சம் 10 வருஷம்) நான் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன். 10 என்பது உலகத்துக்கெல்லாம் சேர்த்துச் சொன்ன உச்ச வரம்பு. திருச்சி, கரூர், வேலூர் வெயிலுக்கு என் கணக்கு 6 வருஷம், பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி. துபாயில் 5 வருஷம் தாண்டிய டயரோடு ரோட்டில் ஓடக் கூடாது என்றே வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே ஒழுங்காக மாற்றிவிட்டு ஓட்டும் நம் ஆட்கள்தான், வருஷத்துக்கு ஒரு மாத லீவில் திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கி, பதினோரு மாதமாகப் புதுக்கோட்டையிலோ கும்பகோணத்திலோ வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு நின்ற காரை எடுத்துக்கொண்டு, அன்றைக்கே குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்புகிறார்கள். அந்தக் கார் டயர் தரையில் ஊன்றிய இடம் தட்டையாகியிருக்கும், காற்று பாதி இறங்கியிருக்கும், வயசோ ஏழு எட்டு.

இனி காற்று. கோடை வந்தால் வருகிறவர்களில் பாதிப்பேர், "வெயில் காலம், 33 வேணாம், 28 வைங்க" என்பார்கள். சூட்டில் காற்று விரியும், டயர் வெடிக்கும், அதனால் குறைத்து வைக்கணுமாம். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் நேர் எதிர். 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்த டயர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறுவது கிட்டத்தட்ட 5 பி.எஸ்.ஐ.தான். அந்த டயரின் பக்கத்திலேயே அதிகபட்சம் 44 அல்லது 51 என்று போட்டிருக்கும், ஏறுவதையும் சேர்த்துத்தான் கார் கம்பெனி 33 என்று எழுதியிருக்கிறது. குறைத்து வைத்தால் என்ன ஆகும்? 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்ன கார் டயர் விநாடிக்கு சுமார் 14 முறை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் சைடு வால் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு அதிகம். ஒரு கம்பியை வேகமாக வளைத்து வளைத்து நிமிர்த்திப் பாருங்கள், வளைந்த இடம் கையைச் சுடும், டயரிலும் அதேதான். வெடிக்கும் டயர்களில் நான் கழற்றிப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் உள்பக்கம் சைடு வால் ஓரமாக ரப்பர் உதிர்ந்து கரித்தூள் மாதிரி கொட்டும், காற்று குறைவாக ஓடியதற்கு அது அடையாளம். காலையில் வண்டி எடுத்ததும், ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள், டயர் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு பங்கில் நிறுத்திப் பார்த்து "38 காட்டுது, இறக்கு" என்று இறக்கிவிடாதீர்கள், ஆறியதும் அது 28 ஆகிவிடும். நைட்ரஜன் கேட்பவர்களுக்கு: அடைத்தால் நல்லதுதான், காசு கொடுத்தே ஆகணும் என்றில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

மற்றவர்களுக்கு இவ்வளவு சொல்லும் நானே மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. ஒருமுறை சென்னையிலிருந்து திரும்பும்போது பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. ஸ்டெப்னியை எடுத்து மாட்டினேன். 9 வருஷம் டிக்கியிலேயே தூங்கிய டயர், தரையையே பார்த்ததில்லை, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அதுகூட உதிரவில்லை. "புத்தம் புதுசு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 90-ல் போனேன். பாடாலூர் தாண்டியதும் தப் தப் தப் என்று ஒரு சத்தம், கல் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். ரெண்டு நிமிஷத்தில் சாட்டையால் அடிப்பது போல மாறியது. ஓரங்கட்டிப் பார்த்தால் பட்டன் பட்டை மட்டும் ஒரு முழ நீளத்துக்கு உரிந்து தொங்குகிறது, மட்கார்டு உள் பிளாஸ்டிக்கைக் கிழித்துவிட்டது, டயரில் காற்று மட்டும் அப்படியே இருக்கிறது! அந்தத் தப் தப் சத்தமோ, 60-70 வேகத்தில் புதிதாக வரும் ஸ்டீயரிங் நடுக்கமோ, பட்டன் மேல் கை வைத்தால் தட்டுப்படும் மேடோ வந்தால் பேலன்சிங் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். சைடு வாலில் கொப்புளம் என்றால் கேள்வியே இல்லை, உள்ளே நூல் அறுந்துவிட்டது, அன்றைக்கே மாற்றணும். (ஓடும்போதே வெடித்துவிட்டால் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்து வேகம் தானாகக் குறையட்டும்.)

தேய்மானத்தைப் பற்றிச் சுருக்கமாக: பள்ளத்தின் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர், பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் சட்டப்படியே டயர் முடிந்தது. ஐப்பசி மழையில் ஓட்டுகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், ரெண்டு ஓரமும் என்றால் காற்று குறைவு, நடு என்றால் அதிகம். ரெண்டு டயர் மட்டும் வாங்கினால் புதுசைப் பின்னால் போடச் சொல்வேன், எல்லோரும் சண்டைக்கு வருவார்கள், ஆனால் ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகத்தான் போகும், பின்பக்கம் வழுக்கினால் சுற்றிவிடும். வாங்கும்போது கடைக்காரரிடம் அந்த நாலு எண்ணைக் கேளுங்கள், வருஷம் தாண்டிய ஸ்டாக்கை அதே விலைக்கு வாங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால், டயர் கண்ணாடி மாதிரி பளபளத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், பாலிஷுக்கு அடியில் வெடிப்பு ஒளிந்திருக்கும்.

வாத்தியார் கடைசியில் நாலையும் மாற்றினார், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து. கழற்றிய டயர்களை நான் கத்தியால் சைடு வாலில் ஆழமாகக் கிழித்ததைப் பார்த்துவிட்டு, "நல்ல பட்டன், யாருக்காவது உதவுமே, ஏம்பா கிழிக்கிற?" என்று வருத்தமாகக் கேட்டார். "முழுசாப் போட்டா நாளைக்கே பாலிஷ் அடிச்சு செகண்ட்ஸ்ல வித்துடுவாங்க சார், யாராவது ஒருத்தர் மாட்டிக்கிட்டு ஹைவேல போவாங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மிச்சம் இருந்த டயரைக் காலால் என் பக்கம் உருட்டிவிட்டார்.